பத்தாயத்தில் அடங்காத விதை



வன மரங்களின் மரபு வளம் பற்றிய கருத்தரங்கை மலையே இல்லாத தஞ்சாவூரில் ஏன் வைக்கிறீர்கள் என்று சிலர் கேட்டார்கள். மலை இல்லைதான், காடு இருக்கிறது. கோரையாறும் பாமணியாறும் கடலைத் தொடும் முத்துப்பேட்டையில் நிற்கும் அலையாத்திக் காடு, 2002இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த கோடியக்கரைப் பகுதியோடு சேர்ந்தது.

படகில் போனவர்களுக்குத் தெரியும், அங்கே பார்க்கும் இடமெல்லாம் ஒரே மரம்: அவிசீனியா மரீனா என்ற வெண்கண்டல். நரிகண்டலும் தில்லையும் ஆங்காங்கே கண்ணில் படும். சுரபுன்னை வனத்துறை கொண்டுவந்து நட்டது. வடக்கே கொள்ளிடம் தாண்டிப் பிச்சாவரத்தில் கதை வேறு. சுரபுன்னை இனங்கள் இரண்டு தாமாகவே கலந்து பிறந்த ஒரு மரத்துக்கு 1995இல் பேராசிரியர் கதிரேசன் ரைசோபோரா அண்ணாமலையானா என்று பெயரிட்டார்; அதன் பெற்றோர் யார் என்பதை மரபணு ஆய்வாளர் அஜய் பரிடா குழுவினர் டி.என்.ஏ. சோதனையால் உறுதிசெய்தார்கள். இனங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால்தானே கலக்க முடியும்?

முத்துப்பேட்டை இப்படி ஒரே மரத்தின் காடாக ஆனதற்கு இரண்டு காரணம் சொல்வேன். ஒன்று, வெள்ளையர் காலத்தில் தொடங்கிய கூப்பு வெட்டு, அதாவது காட்டைப் பகுதி பகுதியாக ஒட்ட வெட்டும் முறை. மரம் போன தரை வெயிலில் காய்ந்து தட்டுப்போல உள்வாங்கியது. உள்ளே வந்த கடல்நீர் திரும்பாமல் அங்கேயே சுண்டி உப்பானது. இரண்டாவது, நன்னீர். 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு காவிரி நீர் கணக்குப் பார்த்து இறக்கப்படுகிறது. தண்ணீர் வரவில்லை என்று கடைமடை விவசாயி மறியல் செய்யலாம். கடைமடைக்கும் அப்பால் நிற்கும் இந்தக் காடு எந்தச் சாலையில் போய் உட்காரும்? உப்பு ஏற ஏற, உப்பைத் தாங்கும் வெண்கண்டல் மட்டும் மிஞ்சியது.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, அலைநீர் வந்துபோக வழிசெய்து, வெறுந்தரையைத் திரும்பப் பசுமையாக்கினார்கள். பெரிய சாதனை அது. குறைத்துப் பேச மாட்டேன். ஆனாலும் எத்தனை ஏக்கர், எத்தனை லட்சம் கன்று என்பதோடு நம் அறிக்கைகள் முடிந்துவிடுகின்றன. எத்தனை தாய்மரங்களின் விதை அது என்று சொல்லும் ஏடு எதையும் நான் பார்த்ததில்லை. நாலைந்து மரத்தடியில் பொறுக்கிய விதையால் நூறு ஏக்கரை நிரப்பினால், வானத்திலிருந்து எடுக்கும் படத்தில் அது பச்சையாகத்தான் தெரியும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து இந்தக் காட்டைச் சூறையாடிப் போனது. அதற்குப் பின் நட்டதிலாவது இந்தக் கேள்வியைக் கேட்டோமா?

தில்லை விஷயம் இன்னும் சிக்கல். அதில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. கோயில் மதிலுக்குள் தலமரமாக ஒன்றை மட்டும் வளர்த்துவிட்டு இனத்தைக் காத்துவிட்டோம் என்று திருப்திப்படுபவர்கள் சற்று யோசிக்கலாம்.

விதைக்குக் கணக்கு வைப்பது நமக்குப் புதிதல்ல. முத்துப்பேட்டைக்குப் பக்கத்துத் திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில்தான் நெல் ஜெயராமன் 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்தார். இரண்டு கிலோ வாங்கிப் போனவர் மறுவருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது அவர் வைத்த முறை. எந்த ரகம் யாரிடமிருந்து வந்தது என்ற கவனம் அங்கே இருந்தது. நெல்லுக்கு அது கைகூடும். காயவைத்தால் பத்தாயத்தில் கிடக்கும். வெண்கண்டல் விதையைக் காயவைத்தால் செத்துப்போகும். குளிர்பெட்டி விதை வங்கிக்கு அது ஒத்துவராது. நிற்கும் காடேதான் அதற்கு வங்கி. அந்த மரத்தின் மரபணுவை எடுத்துத்தான் பரிடா குழுவினர் உப்பைத் தாங்கும் நெல்லுக்கு முயன்றார்கள் என்பதை நெல்லையே நம்பி வாழும் இந்த மாவட்டத்தார் அறிந்திருப்பது நல்லது.

ஆகவே இந்தக் கருத்தரங்கின் முடிவில் இரண்டு தீர்மானங்கள் எழுதப்பட வேண்டும் என்று கேட்கிறேன். அலையாத்திக் காடு வளர்க்க மத்திய அரசு கொண்டுவந்த மிஷ்டி திட்டத்தில் நடும் ஒவ்வொரு தொகுதிக்கும் தாய்மரப் பதிவேடு இருக்க வேண்டும்; விதை காட்டின் பல பகுதிகளிலிருந்தும் வர வேண்டும். மற்றது, ஆற்றுநீர்ப் பங்கீட்டுக் கணக்கில் கழிமுகக் காட்டுக்கு என்று ஒரு வரி. இரண்டாவதற்கு இந்த மண்டபத்திலேயே எதிர்ப்பு வரும். நீர்வளத்துறை நண்பர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் பேசுவதற்கென்றே பிற்பகல் அமர்வை அரைமணி நீட்டியிருக்கிறோம்.