திரும்பிக் கடந்த கணவாய்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மணாலியிலிருந்து லே செல்லும் மலைச்சாலையைப் பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் பணித்தார். பனிமுடிகளின் எழிலை வருணிப்பேன் என்று வந்திருப்போர் என்னை மன்னிக்க வேண்டும். வரும் கோடையில் நம் காலனியிலிருந்து மூன்று குடும்பங்கள் அவ்வழியே புறப்பட இருப்பதாக அறிகிறேன். ஆகவே, கணவாய்களின் அழகைக் காட்டிலும் உயரத்தைப் பற்றியே மிகுதியும் சொல்ல விரும்புகிறேன்.

2024 செப்டம்பரில் நானும் என் மனைவியும் மைத்துனனும் மோட்டாரில் சென்றோம். முன்பெல்லாம் ரோத்தாங் கணவாயின்மீது ஏறி இறங்கியே லாஹூல் பள்ளத்தாக்கை அடைய வேண்டும். 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை மலையை 9 கிலோமீட்டர் குடைந்து செல்கிறது. 46 கிலோமீட்டர் தொலைவும் நான்கைந்து மணி நேரமும் மிச்சம். அந்த மிச்சமே எங்களுக்கு வினையாயிற்று.

கேலாங்கில் தங்குவதாக ஏற்பாடு. நண்பகலுக்கு முன்பே அங்கு சேர்ந்துவிட்டோம். "பொழுதை வீணாக்குவானேன்? மேலே போகலாம்" என்றேன். லாஹூல்காரரான காரோட்டி தயங்கினார், நான் செவிசாய்க்கவில்லை.

பாரலாச்சா லா 4,890 மீட்டர். 'லா' என்றாலே திபெத்திய மொழியில் கணவாய்தான். 'பாரலாச்சா லா கணவாய்' என்பது நம்மவர் 'கேட்டுக் கதவு' என்பதைப் போன்றது! கணவாய்க்குச் சற்றுக் கீழே சூரஜ் தால் ஏரி. அங்கே பிறக்கும் பாகா, தாண்டியில் சந்திராவோடு கூடிச் செனாப் நதியாகிறது. அந்த நீலத்தை மைத்துனன் வாய் ஓயாமல் புகழ்ந்தான். மாலையில் சர்ச்சுவின் கூடாரங்களை அடைந்தபோது அவன் பேச்சு நின்றிருந்தது.

சர்ச்சு ஏறத்தாழ 4,300 மீட்டர், மணாலியோ 2,050. மூவாயிரம் மீட்டருக்கு மேல் சென்றபின், உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது என்பது மருத்துவர் விதி. நாங்கள் ஒரே பகலில் 2,200 மீட்டருக்கு மேல் கூட்டியிருந்தோம். காற்றில் பிராணவாயுவின் பங்கு எங்கும் ஒன்றே. ஆனால் மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குன்றுவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது குறைகிறது. அதற்கு உடல் பழகச் சில நாள்கள் வேண்டும்.

முதலில் தலைவலி, பிறகு வாந்தி. நள்ளிரவில் அவன் எழுந்து, "அத்தான், எந்த ஸ்டேஷன் வந்திருக்கிறது?" என்று கேட்டான். வேடிக்கை என்றெண்ணி நான் சிரித்தும் விட்டேன். சத்தம் கேட்டு வந்த காரோட்டி, அவனை நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னார். கால்கள் குடிகாரனைப்போல் தடுமாறின. "நீச்சே சலோ" என்றார் காரோட்டி. வேறொன்றும் சொல்லவில்லை.

கீழே செல்வதுதான் எப்படி? சர்ச்சுவின் இக்கட்டே இதுதான். லே பக்கம் சென்றால் காட்டா வளைவுகள் இருபத்தொன்று, அதன்பின் நக்கீ லா, லாச்சுலுங் லா, 5,300 மீட்டரைத் தாண்டும் தங்லங் லா. இப்பக்கம் திரும்பினாலோ பாரலாச்சாவை ஏறியாக வேண்டும். இறங்குவதற்காக ஏற வேண்டிய இடம் அது. கணவாய் ஒன்றே என்பதால் வந்த வழியே திரும்பினோம்.

கூடாரக்காரர் கொடுத்த சிறு பிராணவாயு உருளையை என் மனைவி தம்பியின் முகத்தருகே பிடித்திருந்தாள். பகலில் சாலையின் குறுக்கே இரைந்தோடிய பனிநீரோடைகள், இரவுக் குளிரில் மெலிந்திருந்தன. அது எங்கள் நற்பேறு. கணவாயின் உச்சியில் அவன் கண் மூடியிருந்தான். அந்த நேரத்தைப் பற்றி விரித்துரைக்க என்னால் இயலாது. தார்ச்சா நெருங்கியபோது, "பசிக்கிறது, அக்கா" என்றான். கேலாங் மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினர்.

லேயை நாங்கள் காணவில்லை. செல்லவிருப்போர் கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ இரண்டு இரவு தங்குங்கள், சர்ச்சுவில் படுக்காதீர்கள். ஸ்ரீநகர் வழியே சென்றால் சோஜி லா 3,528 மீட்டர்தான். கார்கிலில் 2,700 மீட்டர் அளவிலேயே உறங்கலாம். காரோட்டி தயங்கினால் ஏனென்று கேளுங்கள்.

இச்செய்தி முழுவதும் என் மாமியாருக்கு இன்றுதான் தெரியவருகிறது. முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள், ஆதலால் இத்துடன் இறங்கிக்கொள்கிறேன்.