மாற்றும் உரையும்

(உழவர்கரையில் நடைபெற்ற பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இக்கவிதையில் ஓர் இரசவாதம் நிகழ்ந்திருக்கிறது" என்று நம் அரங்குகளில் அடிக்கடி சொல்கிறோம். அச்சொல்லின் எடையை இன்று நிறுத்துப் பார்க்க விழைகிறேன்.

இரசம் என்பது பாதரசம். தாழ்ந்த உலோகத்தைப் பொன்னாக்கும் முயற்சி வாதம். போகர், கொங்கணர் முதலிய சித்தர் பெயரால் வழங்கும் நூல்கள் அதனைப் பேசுகின்றன. உலையில் பொன் பிறக்கவில்லை. "வாதங்கெட்டால் வைத்தியம்" என்னும் பழமொழி பிறந்தது. இரசத்தையும் கந்தகத்தையும் சுத்தி செய்து, புடமிட்டுப் பழகிய கை மருந்து செய்யத் தேர்ந்தது.

ஒரு தனிமம் மற்றொன்றாவதை அறிவியல் பின்னர்க் கண்டது. 1901இல் ரதர்போர்டும் சாடியும், தோரியம் தானே சிதைந்து வேறு தனிமமாவதை உணர்ந்தனர். பாதரச அணுக்கருவில் 80 புரோட்டான்கள்; பொன்னில் 79. ஒன்று குறைந்தால் போதும்! 1941இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் பாதரசத்திலிருந்து பொன் கிடைத்தது. கதிரியக்கத்தால் சிதைந்துபோகும் பொன் அது. செர்ன் ஆய்வகத்தில் 2015 முதல் 2018 வரை ஈயம் பொன்னானது. அதன் மொத்த எடை, ஒரு கிராமை இலட்சம் கோடிக் கூறாக்கினால் அவற்றுள் 29 கூறு. அதுவும் நொடிப்பொழுது நிலைக்கவில்லை. ஆயினும் எது மாறியது, எவ்வளவு மாறியது என்பதை அவர்கள் அளந்து சொன்னார்கள்.

உழவன் மண்ணைப் பொன்னாக்கினான் என்கிறோம். உழவர் பெயர் தாங்கிய இவ்வூரில் அதற்கு விளக்கம் வேண்டா. வித்தும் நீரும் உழைப்பும் நெல்லான கணக்கை அவன் அறிவான்.

நம் கணக்கு என்ன? சில ஆண்டுகளுக்கு முன் இளங்கவிஞர் ஒருவரின் படைப்பை இவ்வரங்கில் நான் இரசவாதம் என்று புகழ்ந்தேன். செய்தித்தாள் வாக்கியம் ஒன்று நான்கு வரியாக உடைக்கப்பட்டிருந்தது, வேறெதுவும் மாறவில்லை. அவர் அதைத் திருத்தவே இல்லை. திருத்த வேண்டிய தேவையை என் புகழ்ச்சி போக்கிவிட்டது. அக்குற்றம் என்னுடையது.

தமிழில் பொன்னின் தரத்துக்கு மாற்று என்று பெயர். அதைக் கட்டளைக் கல்லில் தேய்த்துப் பார்ப்பது உரைத்தல். மாற்றம் என்பதற்குச் சொல் என்னும் பொருளும் பழைய வழக்கில் உண்டு. சொல்லை உரைத்து மாற்றுக் காண்பதே திறனாய்வாளன் தொழில். இனி ஒரு படைப்பைப் புகழுமுன், எந்தச் சொல் எதுவாக மாறியது என்று சுட்டிக் காட்டுவோம். காட்ட இயலாவிடில் இரசவாதம் என்னாதிருப்போம்.

நம் வட்டத்துக்குப் பத்தாண்டு நிறைந்தது. பசும்பொன்னுக்குப் பத்தரை மாற்று என்பார்கள். எஞ்சிய அந்த அரை மாற்றுக்கு இன்றுமுதல் உரைப்போம்.