ஓடுற பிள்ளைக்கும் ஒரு நோட்டு
(கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியது)



நம்ம குழுவில் சேமிப்பு, கடன், வட்டி எல்லாவற்றையும் பைசா விடாமல் எழுதுகிறோம். எழுதி வைத்திருப்பதால்தானே வங்கியில் நம்மை நம்பிக் கடன் கொடுக்கிறார்கள்? ஆனால் பள்ளிக்கூடத்தில் ஓடுகிற நம்ம பொண்ணு 100 மீட்டரை எத்தனை விநாடியில் ஓடுகிறாள் என்று கேட்டால், எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்? "போன வருசம் கப்பு வாங்கினா" என்போம். அவ்வளவுதான்.

"அதை எழுதி என்னங்க ஆகப் போகுது?" என்று சில அக்காமார் கேட்கலாம். ஒரு கதை சொல்கிறோம், உண்மைக் கதை. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி.உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 விநாடியில் ஓடினார். விநாடியில் நூறில் ஒரு பங்கில் பதக்கம் போச்சு. ஆனால் அந்த எண் போகவில்லை. அதுவே தேசிய சாதனையாக நின்றது. 39 வருசம் கழித்து, 2023-ல் சீனாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம்ம கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ் அதே 55.42 விநாடியில் ஓடிச் சமன் செய்தார். மறுநாள் வெண்கலமும் வாங்கினார். எழுதி வைத்த எண்தான் அடுத்து வருகிற பிள்ளைக்கு இலக்கு.

நாம் செய்ய வேண்டியது சின்ன வேலை. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, என்ன விளையாட்டு, எவ்வளவு நேரம் அல்லது தூரம், எந்த மைதானம். காய்ச்சல், மாதவிலக்கு, தூக்கமில்லை என்றால் அதையும் ஒரு வரி. செல்போனிலேயே ஸ்டாப்வாட்ச் இருக்கு. மாதம் இரண்டு முறை எழுதினால் போதும். பிள்ளையே எழுதட்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. நோட்டைக் காட்டித் திட்டக் கூடாது, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடவும் கூடாது. போன மாதத்து அவளோடு இந்த மாதத்து அவளை மட்டும் பாருங்கள். ஓடும் நேரம் தொடர்ந்து கூடிக்கொண்டே போனால் பி.டி. டீச்சரிடம் காட்டுங்கள். பிள்ளை சரியாகச் சாப்பிடுகிறாளா, இரத்த சோகை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நோட்டு சான்றிதழ் ஆகாது. தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு. அதற்குக் கேட்பது சான்றிதழைத்தான். எனவே போட்டியில் கொடுக்கும் தாளை வாங்கிய அன்றே பெயர், பிறந்த தேதி சரியா என்று பார்த்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வையுங்கள்.

கடைசியாக முக்கியமான விஷயம். பொண்ணு வயசுக்கு வந்ததும் "இனி ஓட்டம் எதுக்கு?" என்று வீட்டில் பேச்சு வரும். அப்போது வெறும் வாயால் வாதாடினால் எடுபடாது. 16 விநாடியில் ஓடியவள் 15-க்கு வந்திருக்கிறாள் என்று அவள் கையெழுத்திலேயே காட்டினால், அப்பாவும் ஒரு நிமிசம் யோசிப்பார். அந்த ஒரு நிமிசம் போதும், நாம் பேசுவதற்கு.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோமா?