பந்தயத் தடத்துக்குப் புறப்படும் வீட்டுக் கார்

கொங்கு நாட்டில் ரேக்ளாப் பந்தயத்துக்கு வண்டி பூட்டும் உழவர், முதலில் காளையின் வேகத்தைப் பற்றிப் பேசுவதில்லை. அச்சைத் தட்டிப் பார்ப்பார். கடையாணியை அசைத்துப் பார்ப்பார். மூக்கணாங்கயிறு இற்றுப் போயிருக்கிறதா என்று விரலால் நெருடிப் பார்ப்பார். ஓடுவது காளையின் இயல்பு. அதை அடக்கி நிறுத்துவதும், சக்கரம் கழலாமல் காப்பதும் மனிதரின் பொறுப்பு. இந்தப் பழைய அறிவை மோட்டார் காருக்குப் பொருத்திப் பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

பெங்களூரில் பிரேசர் டவுன் என்னும் பகுதியைத் தமிழ் நேயர்கள் பலர் அறிவர். 1898-ஆம் ஆண்டில் அந்நகரைப் பிளேக் நோய் தாக்கிய பின்னர், நெரிசலைக் குறைப்பதற்காக எழுந்த குடியிருப்புகளுள் அதுவும் ஒன்று. மைசூர் ரெசிடெண்டாக விளங்கிய ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரை அது பெற்றது. இன்று புலிகேசி நகர் என்ற பெயர் வழங்கினாலும், மக்கள் நாவில் பழைய பெயரே நிலைத்திருக்கிறது. 1809-இல் கண்டோன்மென்ட் அமைந்த நாள் தொட்டு அவ்வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. அங்குள்ள நடுத்தரக் குடும்பத்தின் கார் என்ன செய்கிறது? காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிறது. மாலையில் மாஸ்க் சாலை நெரிசலில் ஊர்கிறது. பொங்கலுக்கோ திருமணத்துக்கோ ஓசூர், கிருஷ்ணகிரி, ஆம்பூர், வேலூர் வழியாகச் சொந்த ஊருக்குப் போய்த் திரும்புகிறது.

இப்போது அந்த வீட்டு இளைஞர்களுக்கு ஒரு புதிய ஆவல் பிறந்திருக்கிறது. தம் காரைப் பந்தயத் தடத்தில் ஒரு நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதே அது. இதனை ‘டிராக் டே’ என்கிறார்கள். இது பந்தயமன்று, பரிசில்லை, முதலிடம் இல்லை. கட்டணம் செலுத்தியவர்கள் குழு குழுவாகப் பிரிந்து, பதினைந்து அல்லது இருபது நிமிடங்கள் தடத்தில் ஓட்டுவார்கள். பின் இளைப்பாறி மறுபடியும் ஓட்டுவார்கள். ஒவ்வொருவரும் தம் கைத்திறனையும் தம் வண்டியின் இயல்பையும் அறிந்துகொள்வதே இதன் பயன்.

தமிழ்நாட்டில் மோட்டார் பந்தயத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதையில், 1950-களிலிருந்து பல ஆண்டுகள் பந்தயங்கள் நடந்தன. 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பின்னர் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் இதற்கென்றே ஒரு தடத்தை அமைத்தது. 1990-இல் திறக்கப்பட்ட அத்தடத்தின் ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், வளைவுகள் பன்னிரண்டு. கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்தில், பந்தயக் கலைஞர் கரிவரதன் நினைவாகப் பெயர் சூட்டப்பட்ட தடமும் இருக்கிறது. பிரேசர் டவுனிலிருந்து புறப்படுவோர்க்கு இருங்காட்டுக்கோட்டை ஏறக்குறைய 300 கிலோமீட்டர். ஊருக்குப் போகும் அதே நெடுஞ்சாலையில், சென்னையை எட்டுவதற்குச் சற்று முன்பே அது அமைந்துள்ளது.

வேகத்தின் மீது ஆசை கொண்டவர் அதனைத் தீர்த்துக்கொள்ளத் தக்க இடம் இத்தகைய தடமே. பொதுச் சாலையில் பந்தயம் விடுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றம். சாலையில் எதிரே வருபவர் நம் ஆசைக்கு உடன்பட்டவர் அல்லர். தடத்திலோ எதிரே எவரும் வருவதில்லை; வளைவுதோறும் கொடியுடன் காவலர் நிற்கின்றனர்; ஆம்புலன்ஸ் ஆயத்தமாக இருக்கிறது.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. பந்தயக் காரை லாரியில் ஏற்றிக் கொண்டுபோவார்கள். லாரியிலேயே திரும்பக் கொண்டுவருவார்கள். நம் வீட்டுக் காரோ தானே 300 கிலோமீட்டர் ஓடிச் சென்று, தடத்தில் உழைத்து, மீண்டும் 300 கிலோமீட்டர் ஓடி வீடு திரும்ப வேண்டும். திங்கட்கிழமை காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொள்ள வேண்டியதும் அதே கார்தான். ஆகவே இந்தப் பயணத்துக்கு வண்டியை ஆயத்தம் செய்வது என்றால், எஞ்சினுக்கு வலிமை கூட்டுவதன்று. நிற்கும் ஆற்றலையும் திரும்பி வரும் ஆற்றலையும் உறுதி செய்வதே.

முதலில் பிரேக்கைப் பார்ப்போம். ஓடும் கார் தன் வேகத்தை இழக்கும்போது அந்த ஆற்றல் எங்கே போகிறது? பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. ஓட்டுநருடன் சேர்த்து 1,200 கிலோகிராம் எடையுள்ள காரை மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தினால் பிறக்கும் வெப்பம், 30 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதே கார் தடத்தின் நேர்ப்பாதையில் 160-ஐ எட்டி, வளைவுக்காக 60-க்குக் குறைந்தால், மூன்றரை லிட்டர் தண்ணீர் கொதிக்கும் அளவு வெப்பம் பிறக்கிறது. வேகம் இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்ற இயற்கை விதியின் விளைவு இது. இதுவும் ஒருமுறை நிகழ்வதன்று. சுற்றுக்குச் சுற்று, வளைவுக்கு வளைவு, ஆற அவகாசமின்றி நிகழ்வது. ஊர்த் தெருக்களில் ஆண்டுக்கணக்காகக் குறை சொல்லாத பிரேக், தடத்தில் மூன்றாம் சுற்றிலேயே கைவிடுவதற்குக் காரணம் இதுவே.

கைவிடும் விதம் இரண்டு. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 என்னும் வகை, புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் குறையாத கொதிநிலை உடையது. ஈரம் ஏறிய பிறகு பெற்றிருக்க வேண்டிய குறைந்த அளவு 155 டிகிரி மட்டுமே. எண்ணெய் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் தோன்றும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது. ஆவியைச் சுருக்க முடியும். எனவே நம் காலின் அழுத்தம் சக்கரத்தை எட்டாது. மிதி தரைவரை இறங்கிவிடும். மற்றொரு விதத்தில், மிதி கெட்டியாகவே இருக்கும். ஆனால் அளவுமீறிச் சூடான பிரேக் பேட் தன் பற்றும் தன்மையை இழந்திருப்பதால் வண்டி நிற்காது.

இவ்விரண்டுக்கும் மருந்து எளியது. புறப்படுவதற்கு ஒரு வாரத்துக்கு முன், பழைய பிரேக் எண்ணெயை முழுவதும் வெளியேற்றி, வண்டியின் கையேடு கூறும் வகையில் புதிய எண்ணெய் நிரப்பி, குழாயில் காற்று இல்லாமல் செய்ய வேண்டும். திறந்து வைத்துப் பல நாளான டப்பாவிலிருந்து ஊற்றுவது பயனற்றது. ஈரம் அதற்குள்ளேயே ஏறியிருக்கும். பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். மாற்றிய பின் சில நாட்கள் ஊருக்குள் நிதானமாக ஓட்டிப் படிய வைக்க வேண்டும். பிரேக் வட்டில் விரிசல் உண்டா, ரப்பர்க் குழாய் வெடித்திருக்கிறதா என்பதையும் மெக்கானிக்கைக் கொண்டு பார்த்துக்கொள்க.

அடுத்தது டயர். சாலையைத் தொட்டுக்கொண்டிருப்பவை நான்கு உள்ளங்கை அளவு ரப்பர்த் துண்டுகளே. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். 2321 என்றிருந்தால், 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் அது செய்யப்பட்டது என்பது பொருள். பள்ளம் ஆழமாக இருந்தும் ரப்பர் முதுமையால் இறுகிப் போயிருக்கலாம். பக்கச் சுவரில் வெடிப்போ வீக்கமோ இருந்தால் அந்த டயருடன் தடத்தில் இறங்கலாகாது.

காற்றின் அளவிலும் கவனம் வேண்டும். காலைக் குளிரில் 32 பவுண்டு நிரப்பிய டயர், ஓட்டத்தில் 70 டிகிரி வரை சூடானால் சுமார் 38 பவுண்டைக் காட்டும். அளவு மிகுந்த டயரின் நடுப்பகுதி புடைத்துப் பிடிப்புக் குறையும். ஆகவே ஒவ்வொரு முறை உள்ளே வந்ததும் அளந்து, அனுபவமுள்ளோர் சொற்படி சிறிது காற்றை விடுவார்கள். இவ்வாறு விட்ட காற்றை, வீட்டுக்குப் புறப்படுமுன், டயர் ஆறிய பின் மறவாமல் நிரப்ப வேண்டும். குறைந்த காற்றுடன் நெடுஞ்சாலையில் நெடுநேரம் ஓடும் டயர் உள்ளூரச் சூடேறி வெடிக்கக் கூடும். அளவுமானி ஒன்று கையில் இருப்பது நலம்.

ரேக்ளா வண்டிக்குக் கடையாணி எதுவோ, காருக்குச் சக்கர நட்டு அதுவே. கையேட்டில் குறித்த முறுக்களவுக்கு, அளவு காட்டும் ஸ்பானரால் முடுக்க வேண்டும். கால் வைத்து ஏறி மிதித்து முடுக்குவது முறையன்று; மரை கெட்டுவிடும். முதல் ஓட்டம் முடிந்து சக்கரம் ஆறியதும் மீண்டும் ஒருமுறை சரிபார்த்தல் நன்று.

பெங்களூரார்க்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. அதன் குளிர்ச்சி யாவரும் அறிந்தது. இருங்காட்டுக்கோட்டையோ கடலோரச் சமவெளி. ரேடியேட்டரில் பாதி அடைப்பு இருந்தாலும் பிரேசர் டவுனில் அது வெளியே தெரியாது. சமவெளியின் வெயிலில், எஞ்சின் முழு வேகத்தில் உழைக்கும்போது தெரிந்துவிடும். குளிர்நீரின் அளவு, குழாய்களின் உறுதி, மூடியின் இறுக்கம், விசிறியின் ஓட்டம் ஆகியவற்றை ஊரிலேயே பார்த்துவிட வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது. எஞ்சின் எண்ணெயும் மேல் கோட்டை ஒட்டியிருக்க வேண்டும். நீண்ட வளைவில் எண்ணெய் ஒருபக்கமாக ஒதுங்கும். அளவு குறைந்திருந்தால் பம்பு காற்றை உறிஞ்சும். சில விநாடிகளில் எஞ்சினுக்குப் பெருங்கேடு விளையும்.

இனி வண்டியைக் காலி செய்வோம். தண்ணீர்ப் பாட்டில், குடை, ஜாக்கி, மாற்றுச் சக்கரம், தரை விரிப்பு எல்லாம் இறக்கப்பட வேண்டும். இருக்கைக்கு அடியிலிருந்து உருண்டு வந்து பிரேக் மிதிக்குக் கீழே சிக்கும் ஒரு பாட்டில் உயிரைப் பறித்துவிடும். முன்பலகையில் வீற்றிருக்கும் பிள்ளையாரையும் அன்று பையில் எழுந்தருளச் செய்வதே பக்தி. பேட்டரி அசையாமல் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்க. இறக்கிய ஜாக்கியையும் மாற்றுச் சக்கரத்தையும் திரும்பும்போது ஏற்ற மறவாதீர்கள்.

ஓட்டுபவரும் ஆயத்தமாக வேண்டும். முந்திய இரவு நல்ல உறக்கம் தேவை. நள்ளிரவில் பெங்களூரை விட்டுப் புறப்பட்டு, விடியலில் தடத்தை அடைந்து, அப்படியே வேகம் எடுப்பது கூடாது. முந்திய நாளே சென்று தங்குவது அறிவுடைமை. பருத்தி உடை, மூடிய செருப்பு, அமைப்பாளர் கூறும் தரத்தில் தலைக்கவசம் ஆகியவை வேண்டும். கொடிகளின் பொருளை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்: மஞ்சள் கண்டால் முன்னே ஆபத்து, முந்தலாகாது, சிவப்பு கண்டால் ஓட்டம் நிறுத்தப்பட்டது, வேகம் குறைத்து உள்ளே வர வேண்டும், நீலம் கண்டால் பின்னால் விரைவான வண்டி வருகிறது, கட்டம் போட்ட கொடி, ஓட்டம் முடிந்தது என்பதற்கு அடையாளம்.

முதற்சுற்று வண்டிக்கும் டயருக்கும் சூடேற்றும் சுற்று. இறுதிச் சுற்று பிரேக்கை ஆற்றும் சுற்று. இடையில் மிதி சற்றே மெத்தென்று இறங்கினாலும், இன்னும் ஒரு சுற்று என்று எண்ணாமல் உள்ளே வந்துவிட வேண்டும். நிறுத்திய பின் கைப்பிரேக்கை இழுக்காமல், கியரில் வைத்துச் சக்கரத்துக்குக் கல் கொடுப்பது வழக்கம். கைப்பிரேக் இறுகப் பற்றிய இடத்தில் வெப்பம் தேங்கிக் கேடு செய்யும் என்பதே காரணம்.

புறப்படுமுன் இன்சூரன்ஸ் பத்திரத்தையும் ஒருமுறை வாசியுங்கள். ஒழுங்கு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்கு வழக்கமான கார் இன்சூரன்ஸ் பொருந்தாது என்று அதில் எழுதியிருப்பதைக் காண்பீர்கள். தடத்தில் நேரும் சேதம் நம் கைப்பணத்தைச் சேர்ந்தது என்று தெளிந்த பின்பே இறங்க வேண்டும். குடும்பத்தாரிடமும் இதை ஒளிவின்றிச் சொல்லி இசைவு பெறுவது முறை. அந்தக் கார் அவர்களுடையதுமாகும்.

இவ்வளவு பாடுபட்டுப் பெறும் பயன் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். தம் வண்டி எத்தனை அடியில் நிற்கும், எப்பொழுது வழுக்கும், தம் கண்ணும் காலும் எவ்வளவு தாமதிக்கும் என்பதை ஒருவர் ஐயமறத் தெரிந்துகொள்கிறார். தெரிந்துகொண்டவர் ஆம்பூர்ச் சாலையில் முன்னே செல்லும் லாரிக்குக் கூடுதல் இடைவெளி விடுகிறார். மாஸ்க் சாலையில் பந்தின் பின்னே ஒரு குழந்தை ஓடிவரக் கூடும் என்று முன்னதாகவே காலை எடுத்து வைக்கிறார். இருங்காட்டுக்கோட்டையில் எத்தனை விநாடியில் சுற்றினார் என்பதை ஊரார் நினைவில் வைத்திருக்கப் போவதில்லை. திரும்பி வந்தவர் முன்னைவிடப் பொறுமையாக ஓட்டுகிறார் என்றால், அந்த ஒரு நாள் வீணாகவில்லை என்று துணிந்து சொல்லலாம்.