யப்பானிய எழுத்தும் வீட்டுக் கணினியும்

ஆங்கில மொழியை எழுதுவதற்கு இருபத்தாறு எழுத்துக்கள் போதும். ஆதலின் அம்மொழிக்குத் தட்டச்சுப்பொறி அமைத்தல் அத்துணை அரிய செயலன்று. யப்பானிய மொழியின் நிலையோ வேறு. ஹிரகானா, கதகானா என்னும் இருவகை அசையெழுத்துக்கள் அம்மொழிக்கு உண்டு. ஒவ்வொரு வகையிலும் அடிப்படை எழுத்துக்கள் 46. இவற்றோடு, சீனத்திலிருந்து பெற்ற கான்ஜி என்னும் சொல்லெழுத்துக்களும் கலந்தே வரும். நாளாந்த வழக்குக்கென அந்நாட்டரசு 2010ஆம் ஆண்டில் திருத்தி வெளியிட்ட பட்டியலில் மட்டும் 2,136 கான்ஜி எழுத்துக்கள் உள்ளன. ஏறத்தாழ நூறு விசைகளே உள்ள ஒரு பலகையில் இத்தனை எழுத்துக்களையும் அடக்குவது எங்ஙனம்?

இவ்வினா யப்பானியரை நெடுங்காலம் வாட்டியது. 1915ஆம் ஆண்டில் சுகிமோத்தோ கியோத்தா என்பவர் ஒரு தட்டச்சுப்பொறியைக் கண்டுபிடித்தார். ஏறத்தாழ 2,400 அச்செழுத்துக்கள் ஒரு தட்டில் நிரல்பட வைக்கப்பட்டிருக்கும். வேண்டிய எழுத்தைத் தேடி, அதன்மீது நெம்புகோலை நகர்த்தி, ஒவ்வொன்றாக எடுத்து அச்சிடுதல் வேண்டும். தேர்ந்த பயிற்சியுடையோர்க்கன்றிப் பிறர்க்கு அது கைவராது.

இந்நிலையில், பொறிக்கு ஏலாத எழுத்தைக் கைவிடுவதே நன்று என்ற குரலும் ஓங்கியது. கான்ஜியை ஒழிக்க வேண்டுமென்ற எண்ணம் புதியதன்று; 1866ஆம் ஆண்டிலேயே மயேஜிமா ஹிசோக்கா என்பார் ஆட்சியாளருக்கு அவ்வாறு விண்ணப்பித்திருந்தார். பின்வந்தோருள் அசையெழுத்து மட்டும் போதும் என்றனர் ஒரு சாரார். உரோம எழுத்தையே ஏற்போம் என்றனர் மற்றொரு சாரார். அவ்வழியை நாடு மேற்கொண்டிருக்குமாயின், பழைய நூல்களும் பாட்டன்மார் எழுதிய கடிதங்களும் பேரர்க்குப் படிக்கவியலாதனவாய்ப் போயிருக்கும்.

அந்நிலை நேராமற் காத்த வழி ஒன்று 1978ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. மோரி கெனிச்சி என்பவரின் தலைமையில் தோஷிபா நிறுவனத்தார் ஆக்கிய சொற்செயலி அது. அசையெழுத்தில் ஒலியைக் கொடுத்தால், பொறியே தன்னகத்துள்ள அகராதியையும் இலக்கண விதிகளையும் துணைக்கொண்டு உரிய கான்ஜியைத் தேர்ந்து தரும். அதன் விலை 63 இலட்சம் யென். எடை ஏறத்தாழ 220 கிலோகிராம். அன்று ஓர் அலுவலகத்தின் ஒரு மூலையை நிரப்பி நின்ற அந்நுட்பம், இன்று எந்த வீட்டுக் கணினியிலும் தனிவிலையின்றிக் கிடைக்கின்றது.

அதனை அமைக்கும் முறை எளிது. விண்டோஸ் இயங்குதளத்தில் அமைப்புகள் என்னும் பகுதியைத் திறந்து, நேரமும் மொழியும் பற்றிய பிரிவுக்குச் சென்று, மொழியைச் சேர்க்குமிடத்தில் யப்பானிய மொழியைத் தெரிதல் வேண்டும். சில நிமிடங்களில் உள்ளீட்டுக் கருவி வந்து சேரும். பின்னர் விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் ஒருங்கே அழுத்தினால் ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம். அப்பிள் கணினியில் விசைப்பலகைக்குரிய அமைப்புகளில் இதே வசதி உண்டு. லினக்ஸ் பயன்படுத்துவோர், கூகிள் நிறுவனம் 2010இல் திறந்த மூலமாக வெளியிட்ட மொஸ்க் என்னும் கருவியை நிறுவிக்கொள்ளலாம்.

புதியோர் பலர் இடர்ப்படும் இடம் ஒன்றுண்டு. விண்டோசில் மொழியை மாற்றிய பின்னரும் திரையில் ஆங்கில எழுத்தே வரக்கூடும். கருவிக்குள்ளேயே ஆங்கில நிலை, ஹிரகானா நிலை என இரண்டு இருத்தலே இதற்குக் காரணம். திரையின் அடியில் ஆங்கில ‘ஏ’ எழுத்துத் தோன்றினால், அதனைச் சுட்டியால் ஒருமுறை தொடுதல் போதும். ஹிரகானாவின் அகரம் அங்கே தோன்றும்.

இனி எழுதும் முறை. ஆங்கில விசைகளால் ஒலியைத் தட்டினால் அசையெழுத்து உருவாகும். யப்பானிய அசைகளின் அடைவு தமிழருக்கு அயலானதன்று. அ, இ, உ, எ, ஒ என்னும் ஐந்து உயிர்கள் முன்னிற்க, க, ச, த, ந என வரிசைகள் தொடரும். பௌத்தத் துறவியரின் வடமொழி எழுத்துக் கல்வி வழியாக இந்தியாவிலிருந்து சென்ற முறை அது. ஒற்று இரட்டிக்குமிடத்தில் மெய்யெழுத்து விசையை இருமுறை அழுத்துதல் வேண்டும். முத்திரையைக் குறிக்கும் ‘கித்தெ’ என்னும் சொல் அவ்வாறே வரும். ‘ன்’ என்னும் ஒற்றில் விழிப்புத் தேவை. அதற்குரிய விசையை ஒருமுறை அழுத்திப் பின் உயிரைத் தட்டினால், ‘கினென்’ எனும் நினைவுகூர்தல் தோன்றும். இருமுறை அழுத்தினாற்றான் ‘கின்-என்’ எனும் புகைத்தல் தடை தோன்றும்!

அசைகள் அமைந்தபின் இடைவெளி விசையை அழுத்தினால் கான்ஜி வரும். மீண்டும் அழுத்தினால் மாற்றுச் சொற்கள் நிரலாகத் தோன்றும். உள்ளிடு விசை தெரிவை உறுதிசெய்யும். ‘கிஷ’ என்னும் ஒரே ஒலிக்குப் புகைவண்டி, செய்தியாளர், உங்கள் நிறுவனம், நிறுவனத்துக்குத் திரும்புதல் எனப் பல பொருள்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் எழுத்து வேறு. ஆதலின் தனிச்சொல்லாகத் தட்டாது சொற்றொடராகத் தட்டுதல் நன்று. அயற்சொற்களின் துணையால் பொறி பொருளை உய்த்துணரும். ஒருவர் முன்னர்த் தெரிந்ததை நினைவிற்கொண்டு பின்னர் முதலில் நிறுத்தும்.

எனினும் இறுதித் தெரிவு மனிதனுடையதே. வத்தனபே என்னும் குடும்பப்பெயர் ஒலியால் ஒன்றாயினும் எழுத்தால் பலவகைப்படும். கடிதத்தில் ஒருவரின் பெயரைப் பிழைபட எழுதுதல் அங்கு மரியாதைக் குறைவாகும். பொறி முதலிற் காட்டியதை ஆராயாது ஏற்பவன் நண்பனையும் இழக்க நேரிடும்.

வேறோர் இழப்பும் உண்டு. யப்பானிய அரசின் பண்பாட்டு விவகாரத் திணைக்களம் 2012இல் வெளியிட்ட ஆய்வில், கான்ஜியைக் கையாற் பிழையின்றி எழுதும் ஆற்றல் குன்றிவிட்டதாக ஏறத்தாழ மூவரில் இருவர் கூறினர். கண் எழுத்தை அறிகின்றது; கையோ மறக்கின்றது. எழுத்தைக் காத்த அதே பொறி, எழுதும் கையைச் சோம்பச் செய்தது.

ஆயினும் இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. பொறிக்காக எழுத்தைத் துறந்துவிடுங்கள் என்ற அறிவுரை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஒலித்தது. யப்பானியர் எழுத்தைத் துறந்திலர். எழுத்துக்கேற்பப் பொறியைத் திருத்தினர். இன்று இடைவெளி விசையை அழுத்தும் ஒவ்வொரு விரலும் அந்தப் பொறுமையின் பயனை நுகர்கின்றது. அவ்விரல் இடையிடையே ஒரு பேனாவையும் எடுக்குமாயின், பெற்ற பேறும் நிலைக்கும். பெற்றோர் விட்ட செல்வமும் நிலைக்கும்.