ஆலோசனைக்கு ஒருத்தியை அனுப்பும் முன்



1989-ல் தமிழ்நாட்டின் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் நம்ம தருமபுரியில்தான் தொடங்கின. அப்போதிருந்தே சேமிப்பு, கடன் பேசி முடிச்சதும் யாராவது ஒருத்தி மெதுவா, "அக்கா, தனியா ஒரு விஷயம் பேசணும்" என்பாள். ஆலோசனை அங்கே ஆரம்பிச்சதுதான்.

இப்போ அதற்கென்று பயிற்சி கொடுத்துப் பெண்களை அனுப்புகிறோம். கணக்கு நோட்டை வருஷா வருஷம் தணிக்கை செய்கிறோமே, அனுப்பின பெண்ணிடம் மாதம் ஒருமுறையாவது உட்கார்ந்து பேசுகிறோமா?

பேசும்போதும் வந்தவள் பேர், ஊர் வேண்டாம். புருஷன் அடிச்சான் என்று அவள் அழுதது டீக்கடை வரைக்கும் போனால், அடுத்தவள் வாயே திறக்க மாட்டாள்.

ஆனா, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று முதலிலேயே சத்தியம் பண்ணக்கூடாது. 18 வயது நிரம்பாத பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், 2012 போக்சோ சட்டம் 19-வது பிரிவுப்படி போலீசுக்குச் சொல்லியே ஆகணும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 16 வயதுப் பெண்ணுக்குத் தாலி கட்டியிருந்தாலும் இதேதான். "மாமன் மகன்தானே" என்று சட்டம் பார்க்காது.

ஒரு நிறுவனத்தில் வேலை செய்பவரே பிள்ளையிடம் தப்பு செய்து, அது தெரிந்தும் பொறுப்பாளர் சொல்லாவிட்டால், பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. அனுப்புகிற நாமளும் இதைப் படிச்சு வச்சுக்கணும்.

சாகப்போறேன் என்று ஒருத்தி சொன்னால், ஆலோசகர் தனியாகச் சமாளிக்கக் கூடாது. அவளைத் தனியா விடாமல், உடனே 14416-க்கும் பொறுப்பாளருக்கும் போன் பண்ணச் சொல்லுங்கள். அந்தப் போனை ராத்திரியானாலும் நாம எடுக்கணும்.