காலி நாற்காலிகளின் முன்
(தவக்கால வானொலிச் சிந்தனை)



திருநீற்றுப் புதனன்று நாம் கேட்கும் நற்செய்தி, தர்மம், இறைவேண்டல், நோன்பு ஆகியவற்றை மனிதர் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்யலாகாது என்று எச்சரிக்கிறது. மறைவில் நடப்பதைக் காணும் தந்தை ஒருவர் நமக்கு உண்டு என்றும் சொல்கிறது. கேட்பதற்கு எளிதுதான். ஆனால், நாம் செய்வதை உண்மையிலேயே ஒருவரும் பார்க்கவில்லை என்ற நிலை வரும்போது அதைத் தாங்குவது எளிதல்ல.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மரணப் பள்ளத்தாக்கு என்றொரு பாலைவனம் உண்டு. 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி செல்சியஸ் வெப்பம் அங்கே பதிவானது. அதன் கிழக்கு ஓரத்தில் அமர்கோசா என்னும் பழைய விடுதி இருக்கிறது. நம் பொற்கொல்லர்கள் பயன்படுத்தும் வெண்காரம் அந்தப் பகுதியில் வெட்டியெடுக்கப்பட்டது. அத்தொழிலை நடத்திய நிறுவனம், 1923 முதல் 1925 வரை, சுடாத மண்கற்களால் அந்தக் குடியிருப்பைக் கட்டியது. சுரங்க வேலை நின்றபின் ஊர் வெறிச்சோடியது. 'அமர்கோசா' என்பது ஸ்பானிய மொழியில் கசப்பைக் குறிக்கும் சொல். பாலைநிலத்தில் இஸ்ரயேலர் குடிக்க முடியாமல் நின்ற மாராவின் கசப்பு நீர் நம் நினைவுக்கு வருகிறது.

குருக்கள் சிலர் சேர்ந்து பயணம் சென்றபோது அங்கே ஓர் இரவு தங்கினோம். தடித்த மண்சுவர்கள், நீண்ட தாழ்வாரம், வெளியே ஆளரவமற்ற பாலை. விளக்கை அணைத்ததும் நம் மூச்சு நமக்கே கேட்கிற அமைதி. அந்த விடுதியை ஒட்டியுள்ள அரங்கின் கதையைத்தான் இன்று சொல்ல விரும்புகிறோம்.

1967-ஆம் ஆண்டு வசந்த காலத்தில், மார்த்தா பெக்கெட் என்ற நியூயார்க் நடனக் கலைஞர் தம் கணவரோடு அவ்வழியே வந்தார். வண்டிச் சக்கரம் பஞ்சரானது. அதைச் சரிசெய்யும் நேரத்தில், பூட்டிக் கிடந்த அரங்கைக் கதவின் ஓட்டை வழியே எட்டிப் பார்த்தார். அதை வாடகைக்கு எடுத்து அங்கேயே தங்கிவிட்டார். 1968 பிப்ரவரி 10 அன்று முதல் நிகழ்ச்சி. வந்தவர்கள் 12 பேர். சில இரவுகளில் ஒருவர்கூட வரவில்லை. ஆனாலும் திரை விலகியது, அவர் ஆடினார்.

பிறகு தூரிகையை எடுத்தார். சுவர் முழுவதும் பார்வையாளர்களை வரைந்தார்: அரசன், அரசி, பிரபுக்கள், துறவிகள், அருட்சகோதரிகள். சுவர்களுக்கு நான்கு ஆண்டுகள், மேற்கூரைக்கு மேலும் இரண்டு ஆண்டுகள். பின்னாளில் பத்திரிகைகள் எழுதின. மக்கள் தேடி வந்தார்கள். ஆனால் அவர்கள் வருவார்கள் என்று தெரிந்து அவர் தொடங்கவில்லை. 2012 வரை அங்கே மேடையேறினார். 2017-இல் தம் 92-ஆம் வயதில் காலமானார்.

அன்பர்களே, காலி நாற்காலிகளின் முன் நிற்பவர்கள் நம் பங்கிலும் இருக்கிறார்கள். படுத்த படுக்கையான கணவருக்கு ஆண்டுக்கணக்கில் உணவூட்டும் மனைவி; இரண்டே பிள்ளைகள் வந்தாலும் மறைக்கல்வி வகுப்பை நிறுத்தாத ஆசிரியை; பிள்ளைகளெல்லாம் தொலைவில் இருக்க, தனி வீட்டில் மாலைதோறும் செபமாலை சொல்லும் பாட்டி. இவர்களுக்குக் கைதட்டல் இல்லை. "யாருக்காக இதைச் செய்கிறோம்?" என்ற கேள்வி இவர்களை இரவில் தூங்கவிடுவதில்லை.

இவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். மார்த்தா தமக்கான சாட்சிகளை வரைய வேண்டியிருந்தது. நாம் வரையத் தேவையில்லை. எபிரேயர் திருமுகம் சொல்லும் சாட்சிகளின் கூட்டம் மேகம்போல நம்மைச் சூழ்ந்திருக்கிறது. நமக்கு முன் ஓடி முடித்த புனிதர்களும், கல்லறைத் தோட்டத்தில் நாம் அடக்கம் செய்த நம் பெற்றோரும் அதில் உண்டு. ஆண்டவரோ வெறும் பார்வையாளர் அல்லர்; சிலுவையில் கைவிடப்பட்ட நிலையை அறிந்த அவர் நம் பக்கத்திலேயே நிற்கிறார். மாராவின் நீரை இனிப்பாக்கியது கைதட்டலல்ல, ஆண்டவர் காட்டிய மரம்.

ஆயினும் ஒன்றை மறவாதிருப்போம். கடவுள் பார்க்கிறார் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. சுவரில் வரைந்த அரசி எழுந்துவந்து ஒரு குவளைத் தண்ணீர் தரமாட்டாள். நாம் தரமுடியும். நம் தெருவில் காலியாக இருக்கும் அந்த நாற்காலி எது? இந்தத் தவக்காலத்தில், வாரம் ஒரு மணி நேரமாவது அதில் போய் உட்காருவோம். உதவி செய்ய இயலாவிட்டாலும், அவர்கள் பேசுவதைக் கேட்போம்.

செபிப்போம்: மறைவில் காணும் தந்தையே, ஒருவரும் பாராத வேளையிலும் உண்மையாய் இருக்கும் மனத்தை எங்களுக்குத் தாரும். தனித்திருப்போரைத் தேடிச்செல்லும் கால்களையும் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.